நாற்பது ஆண்டு கழித்து வரும் நோய்

தென்காசி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. மேற்கே மலை, கிழக்கே குளத்துப் பாசனமும் மானாவாரிக் காடும். இருந்தாலும் கடற்படையில் பத்து, பதினைந்து வருடம் கப்பலில் இருந்துவிட்டு ஊர் திரும்பி வீடு கட்டிக் குடியிருப்பவர்களைத் தென்காசியிலும் கடையநல்லூரிலும் சங்கரன்கோவில் பக்கத்திலும் பார்க்கலாம். 2019 நவம்பர் 22 வரை இந்த மாவட்டம் திருநெல்வேலியோடு ஒன்றாக இருந்தது. அந்தத் திருநெல்வேலியில், நாங்குநேரி வட்டத்து விஜயநாராயணத்தில், ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படை நிலையம் 1990 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அலைவரிசையில் செய்தி அனுப்பும் நிலையம் அது. கடற்படை நம் பக்கத்துக்கு அந்நியமானது இல்லை.

இந்த அத்தியாயம் அந்த முன்னாள் மாலுமிகளில் ஒரு பகுதியினரைப் பற்றியது. 1960-களிலிருந்து 1980-கள் வரை நீராவியில் ஓடிய போர்க்கப்பல்களில், கொதிகலன் அறையிலும் எஞ்சின் அறையிலும் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்கு இப்போது அறுபத்தைந்து, எழுபது, எழுபத்தைந்து வயது. அவர்கள் அன்று மூச்சில் இழுத்த ஒரு தூசி, நோயாக வெளிப்படுகிற வயது இதுதான்.

அந்தத் தூசியின் பெயர் கல்நார். ஊரில் ‘ஆஸ்பெட்டாஸ்’ என்பார்கள். கோழிப் பண்ணை, மர அறுவை ஆலை, சீசன் கடை என்று செங்கோட்டையிலிருந்து குற்றாலம் வரை எங்கு பார்த்தாலும் கூரையாக நிற்கிற அந்தச் சாம்பல் நிற ஷீட்டில் சிமெண்டோடு கலந்திருப்பதும் இதே தாதுதான். நமக்கு அது கூரை. கப்பலில் அதற்கு வேறு வேலை இருந்தது.

நீராவிப் போர்க்கப்பலின் உள்ளே கொதிகலனிலிருந்து டர்பைனுக்குப் போகும் நீராவி நானூறு டிகிரி செல்சியசை ஒட்டிய சூட்டில் இருக்கும். அந்தக் குழாயை வெறுமனே விட்டால் சூடு வீணாகும். பக்கத்தில் மனிதன் நிற்க முடியாது. எண்ணெய்த் துளி பட்டால் தீப்பிடிக்கும். தீயில் எரியாத, சூட்டைக் கடத்தாத, துணியாக நெய்யவும் கயிறாகத் திரிக்கவும் குழம்பாகப் பூசவும் முடிகிற பொருள் ஒன்று தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் உலகின் எல்லாக் கப்பல் கட்டும் தளங்களிலும் அதற்குக் கிடைத்த விடை கல்நார். குழாய்களின் மேல் கல்நார்ப் பூச்சு, அதைச் சுற்றிக் கல்நார்த் துணி, குழாய் இணைப்புகளின் நடுவே கல்நார்க் கேஸ்கட், வால்வுத் தண்டைச் சுற்றிக் கல்நார்க் கயிறு. தீயணைக்கப் போகிறவர் போடும் உடுப்பிலும் அதே கல்நார்.

இந்தியக் கடற்படையின் முதல் தலைமுறைப் பெரிய கப்பல்கள் பிரிட்டனிலிருந்து வந்தவை. ஐ.என்.எஸ். டெல்லி 1948-இல் வந்தது. அதற்கு முன் அது ஆக்கிலீஸ். ஐ.என்.எஸ். மைசூர் 1957-இல் வந்தது; அதற்கு முன் அது நைஜீரியா. இரண்டும் 1930-களில் கட்டத் தொடங்கியவை. விமானந்தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விக்ராந்த், இரண்டாம் உலகப் போரின் நடுவில் கட்டத் தொடங்கி, 1961 மார்ச் 4-இல் பெல்ஃபாஸ்ட் துறைமுகத்தில் நம் கடற்படையில் சேர்ந்தது. 1972-இல் மும்பை மசகான் தளத்தில் கட்டி முடிக்கப்பட்ட ஐ.என்.எஸ். நீலகிரியும் அதன் பின் வந்த அதே வகைக் கப்பல்களும் பிரிட்டனின் லியாண்டர் வடிவமைப்பில் ஆனவை. அவையும் நீராவிக் கப்பல்களே. 1987-இல் நம் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். விராட், 1959-இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்த ஹெர்மீஸ். கல்நார் இல்லாத நீராவிக் கப்பலை யாரும் நினைத்துக்கூடப் பார்க்காத காலத்தில் உருவான கப்பல்கள் இவை.

புதிதாகப் பூசிய கல்நார் பெயின்ட் அடித்து மூடியிருக்கும்வரை பெரிய தூசி கிளம்பாது. பழுது பார்க்கும்போதுதான் ஆபத்து. ஒரு வால்வு கசிகிறது என்று வையுங்கள். சுற்றியிருக்கும் பூச்சைச் சுத்தியலால் தட்டி உடைக்க வேண்டும். இணைப்பைக் கழற்றி, ஒட்டிக் கிடக்கும் பழைய கேஸ்கட்டைக் கம்பித் தூரிகையால் சுரண்டி எடுக்க வேண்டும். பழைய கயிற்றைக் கொக்கி போட்டு இழுத்தெடுத்துப் புதுக் கயிற்றை வெட்டித் திணிக்க வேண்டும். முடிந்ததும் உதிர்ந்ததைத் துடைப்பத்தால் கூட்ட வேண்டும். காற்றோட்டம் குறைந்த இரும்பு அறைக்குள், முகமூடி இல்லாமல் இதெல்லாம் நடந்தது. துறைமுகத்தில் கப்பல் பெரிய பழுதுக்கு நிற்கும் மாதங்களில் தூசி எங்கும் பரவும். அப்போதும் மாலுமிகள் கப்பலிலேயே இருப்பார்கள். பல கப்பல்களில் படுக்கைக்கு மேலேயே பூசிய குழாய் ஓடும். பீரங்கி சுட்டால் கப்பல் அதிரும். அந்த அதிர்வில் மேலிருந்து வெள்ளைத் தூள் உதிரும்.

பிரிட்டனின் டெவன்போர்ட் கப்பல் தளத்தில் கடற்படை மருத்துவர் பீட்டர் ஹாரிஸ் 1960-களில் செய்த ஆய்வு இந்த விஷயத்தில் திருப்புமுனை. குழாய்ப் பூச்சு வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான் ஆபத்து என்று அதுவரை நினைத்திருந்தார்கள். அதே இடத்தில் வேறு வேலை பார்த்த தச்சர், மின்பணியாளர், கொதிகலன் பழுது பார்ப்பவர் எல்லோரையும் கல்நார் பாதித்திருப்பதை அவர் 1968-இல் எழுதிக் காட்டினார். கப்பலுக்குள் காற்று ஒன்றுதானே.

இனி உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். கல்நார் உடையும்போது துண்டாகச் சிதறாது. நீளவாக்கில் பிளந்துகொண்டே போகும். ஓர் இழை நூறாகும், ஒவ்வொன்றும் தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிதாகும். சாதாரணத் தூசி மூக்கிலும் தொண்டையிலும் மாட்டிக்கொள்ளும், சளியோடு வெளியேறும். கல்நார் இழை நீளமாக இருந்தாலும் மெலிதாக இருப்பதால் காற்றோட்டத்தின் திசைக்கு ஒத்துத் திரும்பி, நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போய்விடுகிறது.

அங்கே காவலுக்கு நிற்பவை மாக்ரோபேஜ் என்ற விழுங்கு செல்கள். கிருமியோ தூசியோ வந்தால் விழுங்கிச் செரிப்பது அவற்றின் வேலை. ஆனால் கல்நார் இழை அந்தச் செல்லைவிட நீளம். விழுங்கப் பார்த்தால் பாதி உள்ளே, பாதி வெளியே. தொண்டையில் குத்திய மீன்முள் மாதிரி, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நிற்கும். செரிக்க முடியாத அந்தச் செல் தன்னிடமுள்ள அரிக்கும் வேதிப்பொருள்களைச் சுற்றிலும் கசியவிட்டுச் செத்துப்போகும். அடுத்த செல் வரும். அதற்கும் அதே கதி. இழை மட்டும் அப்படியே கிடக்கும். இந்த ஓயாத அழற்சி வருடக் கணக்கில் நடக்கும்போது மூன்று விதமான கேடு வரும்.

முதலாவது, நுரையீரல் தழும்பேறி இறுகிப்போவது. ஆஸ்பெஸ்டோசிஸ் என்பது இதுதான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில் தொடங்கி, உட்கார்ந்திருந்தாலே மூச்சு முட்டுவதில் முடியும். இரண்டாவது, நுரையீரல் புற்றுநோய். மூன்றாவது மீசோதீலியோமா: நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் வரும் புற்றுநோய். மற்ற காரணங்களால் இது அபூர்வமாகவே வரும். ஆகவே ஒருவருக்கு மீசோதீலியோமா என்று திசுப் பரிசோதனை சொன்னால், அவர் வாழ்க்கையில் கல்நார் எங்கே வந்தது என்று தேடுவதுதான் மருத்துவ முறை. தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாணத்தில் நீலக் கல்நார்ச் சுரங்கங்களின் அருகே வாழ்ந்தவர்களிடம் 33 மீசோதீலியோமா நோயாளிகளை வாக்னரும் அவருடைய சகாக்களும் 1960-இல் பதிவு செய்த பின்புதான் இந்தத் தொடர்பு உலகுக்கு உறுதியானது. அவர்களில் சுரங்கத்துக்குள் இறங்கியே இராதவர்களும் இருந்தார்கள். சிறுவயதில் அந்த ஊரில் இருந்தது ஒன்றே போதுமானதாக இருந்தது.

இந்த நோய்களில் எல்லாவற்றையும்விடக் கொடுமையானது காலம். மீசோதீலியோமா வெளிப்பட, முதன்முதலில் தூசி பட்ட நாளிலிருந்து இருபது முதல் ஐம்பது ஆண்டு வரை ஆகும். வந்த பிறகோ பெரும்பாலோர் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு மேல் தாங்குவதில்லை. அமெரிக்கக் கடற்படையின் தலைமைத் தளபதியாக 1970 முதல் 1974 வரை இருந்த அட்மிரல் எல்மோ ஜும்வால்ட் 2000 ஜனவரியில் மீசோதீலியோமாவில் இறந்தார். கடற்படையில் தளபதிக்கும் கொதிகலன் மாலுமிக்கும் இந்த ஒன்றில் வித்தியாசம் இல்லை.

தென்காசிப் பக்கத்துக்கு இதில் கூடுதலாக ஓர் ஆபத்து இருக்கிறது. பீடி சுற்றுவது முக்கூடல், ஆலங்குளம், கீழப்பாவூர் வட்டாரத்து வீடுகளின் வருமானம். பீடி குடிப்பது இந்த வட்டாரத்து ஆண்களின் நெடுநாள் பழக்கம். அமெரிக்காவில் குழாய்ப் பூச்சுத் தொழிலாளர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்து ஹாமண்டும் செலிகாஃபும் 1979-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். புகையும் கல்நாரும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், கல்நாரில் மட்டும் வேலை செய்தவருக்கு நுரையீரல் புற்றுநோயால் சாகும் வாய்ப்பு சுமார் 5 மடங்கு. புகைப்பவருக்கு மட்டும் சுமார் 11 மடங்கு. இரண்டும் சேர்ந்தவருக்கு 53 மடங்கு. இரண்டு கேடும் கூட்டலாகச் சேரவில்லை, பெருக்கலாகச் சேர்ந்தன. மீசோதீலியோமாவுக்கும் புகைக்கும் தொடர்பில்லை. ஆனால் கொதிகலன் அறையில் இருந்தவர் இன்று பீடியை நிறுத்தினாலும் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறையும். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லக்கூடிய ஒரே நல்ல செய்தி இதுதான். அதைத் தயவுசெய்து உரியவரிடம் சொல்லுங்கள்.

ஆனியிலும் ஆடியிலும் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் காற்று இறங்கும்போது, நெஞ்சுக்கு நல்லது என்று குற்றாலத்துக்கு வந்து பத்து நாள் தங்கிப் போகிறவர்கள் உண்டு. ஐந்தருவியின் காற்று மனதுக்கு இதம்தான். ஆனால் நுரையீரலின் உறைக்குள் நீர் கோத்துக்கொண்டவருக்குக் காற்று மாற்றம் வைத்தியம் ஆகாது. அவருக்கு உடனே வேண்டியது நெஞ்சு ஸ்கேனும் திசுப் பரிசோதனையும்.

அந்த இடத்தில்தான் நம் ஊரில் தவறு நேர்கிறது. நெஞ்சில் நீர் கோத்தால் இங்கே எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது காசநோய். நம் நாட்டில் அது நியாயமான சந்தேகம். ஆனால் ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டும் நீர் திரும்பத் திரும்பக் கோக்கிறது என்றால், அடுத்த கேள்வியைக் கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வி வழக்கமாக எப்படிப் போகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

“ஐயா என்ன வேலை பாத்தீங்க?”

“பேங்க்ல செக்யூரிட்டியா இருந்தேன் டாக்டரய்யா. இருவது வருசம்.”

சீட்டில் ‘வங்கி ஊழியர், ஓய்வு’ என்று எழுதப்படுகிறது. அதோடு விஷயம் முடிகிறது. “அதுக்கு முந்தி?” என்று இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் “நேவில ஸ்டோக்கரா இருந்தேன்” என்ற பதில் வந்திருக்கும். ஸ்டோக்கர் என்றால் கொதிகலன் மாலுமி. அந்தத் தலைமுறைக் கடற்படை மாலுமி பதினைந்து வருடம் முடித்து முப்பத்தி மூன்று, முப்பத்தைந்து வயதிலேயே வெளியே வந்துவிட்டார். அதன் பிறகு இன்னொரு முழு வேலைக்காலம் அவருக்கு இருந்தது. மருத்துவரின் சீட்டில் ஏறுவது அந்த இரண்டாவது வேலை. நோயைத் தந்தது முதல் வேலை.

இழப்பீடு என்ற விஷயமும் இதே காலக் கணக்கில்தான் தடுக்கி விழுகிறது.

கல்நார் நோய்க்கு இழப்பீடு மறுக்கப்படும் வரலாறு பழையது. இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் டர்னர் பிரதர்ஸ் ஆலையில் கல்நார் நூல் நூற்ற நெல்லி கெர்ஷா 1924-இல் தம் 33-ஆவது வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்து வில்லியம் குக் எழுதிய குறிப்புதான் இந்த நோய்க்கு மருத்துவ இலக்கியத்தில் ஓர் இடம் பெற்றுத் தந்தது. நெல்லியின் குடும்பத்துக்கு ஆலை எதுவும் தரவில்லை. பிரிட்டனில் கல்நார்த் தூசிக்கு எதிரான முதல் விதிகள் 1931-இல் வந்தன. ஆனால் அந்த நாட்டுப் படைவீரர்கள் 1987 வரை அரசின் மீது வழக்கே போட முடியவில்லை. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு அந்தப் பாதுகாப்பைக் கொடுத்திருந்தது. அந்தத் தடை நீங்கிய பிறகும் 1987-க்கு முந்தைய பாதிப்புக்கு வழி திறக்கவில்லை. பழைய கடற்படையினரின் நெடிய போராட்டத்துக்குப் பின், 2016 ஏப்ரலிலிருந்து மீசோதீலியோமா வந்த முன்னாள் படைவீரர் மாத ஓய்வூதியத்துக்குப் பதிலாக 1,40,000 பவுண்டை ஒரே தொகையாகப் பெறலாம் என்று பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. ஓராண்டுதான் உயிரோடு இருக்கப்போகும் ஒருவருக்கு மாத ஓய்வூதியம் என்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதை அந்த முடிவு ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் துறை மீசோதீலியோமாவை நூறு சதவீத இயலாமையாக எடுத்துக்கொள்கிறது; திவாலான கல்நார் நிறுவனங்களின் சொத்திலிருந்து உருவான நிதி அறக்கட்டளைகளிலும் அவர்கள் தனியே கோரலாம்.

இந்தியாவில் என்ன இருக்கிறது? இப்போது 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் கொண்டுவரப்பட்டுவிட்ட 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஆஸ்பெஸ்டோசிசையும் கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோய், மீசோதீலியோமா ஆகியவற்றையும் தொழில்நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. ஆனால் ஆயுதப்படையினர் அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வரமாட்டார்கள் என்று அதிலேயே எழுதியிருந்தது. கப்பல் தளத்தில் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்த ஃபிட்டர் அதன் கீழ் கோரலாம். அவர் பக்கத்தில் நின்று அதே குழாயைத் தட்டிய மாலுமி கோர முடியாது. மாலுமிக்கு உள்ள வழி, முன்னாள் படைவீரர்கள் ‘டிசபிலிட்டி பென்ஷன்’ என்று சொல்லும் இயலாமை ஓய்வூதியம்.

அதற்கு இரண்டு நிபந்தனை. நோய் பணியால் ஏற்பட்டதாகவோ பணியால் முற்றியதாகவோ இருக்க வேண்டும்; இயலாமை குறைந்தது 20 சதவீதம் என்று மருத்துவக் குழு மதிப்பிட வேண்டும். நூறு சதவீத இயலாமைக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் இயலாமைப் பகுதியாகக் கிடைக்கும். 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஐம்பதுக்குக் குறைவான சதவீதம் ஐம்பதாகவும், அதற்கு மேல் உள்ளவை எழுபத்தைந்தாகவும் நூறாகவும் உயர்த்திக் கணக்கிடப்படும். நோயால் இறந்து, அந்த மரணம் பணியோடு தொடர்புடையது என்று ஏற்கப்பட்டால் மனைவிக்குச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அது சாதாரணக் குடும்ப ஓய்வூதியத்தைவிட அதிகம்.

பணியிலிருந்து வந்த பிறகு தோன்றும் நோய்க்கும் விதியில் இடம் இருக்கிறது. பணிக்காலத்துச் சூழலில் தொடங்கிய நோய்ப்போக்கு தாமதமாக வெளிப்பட்டது என்று மருத்துவரீதியாக நிறுவினால் போதும் என்று 1982-இலும் 2008-இலும் வந்த தகுதி விதிகள் சொல்கின்றன. கல்நார் நோயை மனதில் வைத்தே எழுதியது போன்ற வாசகம் அது. ஆனால் அதற்கு ஒரு கால வரம்பும் போட்டிருக்கிறார்கள். பணியிலிருந்து வந்த பின் பத்தாண்டைத் தாண்டாத வரம்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1972-இல் பதினெட்டு வயதில் தென்காசியிலிருந்து ஒரு பையன் கடற்படையில் சேர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து வருடம் நீராவிக் கப்பல்களில் இருந்துவிட்டு 1987-இல் வெளியே வருகிறான். பத்து வருட வரம்பு என்றாலும் 1997-இல் கதவு சாத்தப்படும். அப்போது அவருக்கு நாற்பத்தி மூன்று வயது, எந்தத் தொந்தரவும் இல்லை. மீசோதீலியோமா வருவதானால் 2005-க்கும் 2025-க்கும் இடையில்தான் வர அதிக வாய்ப்பு. சளி, இரத்த அழுத்தம், மூட்டுவலி ஆகியவற்றுக்குப் பொருந்துகிற வரம்பை, நாற்பது வருடம் உறங்கும் நோய்க்கும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். 2023 செப்டம்பரில் வந்த புதிய விதிகள் அதன் பிறகு பணியிலிருந்து விலகுகிறவர்களுக்கு உரியவை. நீராவிக் கப்பல் தலைமுறைக்கு அவற்றால் பயன் இல்லை.

கல்நாரின் காலக் கணக்கு நம் நாட்டுக்குத் தெரியாதது அல்ல. நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27-இல் தீர்ப்புச் சொன்னது. கல்நார்த் தொழிற்சாலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நாற்பது ஆண்டு என்று நீதிமன்றம் சும்மா சொல்லவில்லை. இந்த நோய் எத்தனை வருடம் மறைந்திருக்கும் என்று கேட்டறிந்து சொன்னது. ஆலைத் தொழிலாளிக்கு ஏற்றுக்கொண்ட கணக்கை மாலுமிக்கு ஏன் ஏற்கக் கூடாது என்பதுதான் என் கேள்வி.

கடற்படைக்கும் இது தெரியும். ரஷ்யாவிடம் வாங்கிய விமானந்தாங்கிக் கப்பல் விக்ரமாதித்யாவை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 2012-இல் கடல் சோதனையின்போது அதன் எட்டுக் கொதிகலன்களில் பெரும்பாலானவை பழுதாயின. மாலுமிகளின் உடல்நலம் கருதி, கொதிகலனின் வெப்பக் காப்புக்குக் கல்நார் வேண்டாம் என்று இந்தியா மறுத்ததால் பதிலுக்குப் போட்ட தீச்செங்கல் சூட்டைத் தாங்கவில்லை என்று அப்போது ரஷ்யத் தரப்பு விளக்கம் சொன்னது. கப்பல் கைக்கு வர மேலும் ஒரு வருடம் ஆனது. 2013 நவம்பர் 16-இல்தான் செவரோத்வின்ஸ்க் துறைமுகத்தில் நம் கடற்படையில் சேர்ந்தது. கல்நாரை மறுத்தது சரியான முடிவு. அந்தத் தாமதத்துக்குத் தகுதியான முடிவு. அதே கடற்படையின் பழைய கொதிகலன் அறைகளில் பதினைந்து வருடம் இருந்தவர்களுக்கு அந்தக் கரிசனம் பின்னோக்கியும் நீள வேண்டும்.

கப்பல் உடைக்கும் விஷயத்திலும் நாடு குரல் கொடுத்திருக்கிறது. பிரெஞ்சுப் போர்க்கப்பல் கிளெமென்சோ, வயிற்றில் டன் கணக்கில் கல்நாரோடு குஜராத்தின் அலங்குக் கரையை நோக்கி 2005-இன் கடைசி நாளில் புறப்பட்டது. இங்கே உச்ச நீதிமன்றத்திலும் வெளியிலும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் 2006 பிப்ரவரியில் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ஷிராக் அதைத் திரும்ப அழைத்தார். நம்முடைய விக்ராந்த் 2014-இல் மும்பை தாருகானாவில் உடைபட்டது. அதன் இரும்பில் ஒரு பகுதி மோட்டார் சைக்கிளாகவும் வந்தது. விராட் 2020-இல் அலங்குக்குப் போனது. அந்தக் கப்பல்களின் எஃகுக்கு விலை போட்டோம், பெருமையும் பட்டோம். அவற்றின் உள்ளே இருந்தவர்களின் பெயர்ப்பட்டியல் கடற்படையின் ஆவணங்களில் பத்திரமாக இருக்கிறது. எந்தக் கப்பலில், எந்தப் பிரிவில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று ஒவ்வொரு மாலுமிக்கும் பதிவு உண்டு. தனியார் ஆலைத் தொழிலாளிக்குக் கிடைக்காத வசதி இது. நீராவிக் கப்பல்களின் பட்டியல் ஒன்றை அரசு வெளியிட்டு, அவற்றின் எஞ்சின் பிரிவில் இருந்தவருக்கு மீசோதீலியோமாவோ ஆஸ்பெஸ்டோசிசோ வந்தால் கால வரம்பு பாராமல் பணியால் வந்ததாகவே கொள்ளலாம் என்று ஒரே ஓர் ஆணை போட்டால் போதும். பெரிய செலவும் இல்லை. அந்தத் தலைமுறையில் எஞ்சியிருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான்.

அப்படி ஓர் ஆணை வரும்வரை காத்திருக்க நோயாளிக்கு நேரம் கிடையாது. இன்று செய்யக்கூடியதைச் சொல்கிறேன். நீங்களோ உங்கள் அப்பாவோ பெரியப்பாவோ நீராவிக் கப்பலில் இருந்தவர் என்றால், எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். பீரோவில் கிடக்கும் பணிச் சான்றிதழை எடுத்து, எந்தெந்தக் கப்பலில் எந்தெந்த வருடம் என்று ஒரு தாளில் எழுதி, மருத்துவச் சீட்டுகளோடு வையுங்கள். உடன் வேலை பார்த்தவர்கள் இருந்தால், என்ன வேலை செய்தோம் என்று அவர்கள் கைப்பட எழுதி வாங்குங்கள்; எழுபது வயதில் அதைத் தள்ளிப்போட முடியாது. நெஞ்சில் நீர் கோத்தால், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியானாலும் வேறு எங்கானாலும், திசுப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். முன்னாள் படைவீரர்களுக்காக 2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் அட்டை இருந்தால் புற்றுநோய் சிகிச்சைக்கு அதில் வழி உண்டு. கடற்படை மருத்துவமனைகளில் நமக்குக் கிட்டத்தில் இருப்பது கொச்சியின் சஞ்சீவனி. செங்கோட்டை, புனலூர் வழியாகப் போகும் பாலருவி எக்ஸ்பிரஸில் எர்ணாகுளம் போய்விடலாம்.

ஓய்வூதிய விண்ணப்பத்தை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் உதவியோடு, மும்பை மான்குர்டில் உள்ள மாலுமிகள் ஆவணப் பிரிவின் ஓய்வூதிய அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். கால வரம்பைக் காட்டி மறுக்கக்கூடும். மறுத்தால் முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு. அதன் பிறகு 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளை. அங்கே கையில் எடுக்க வேண்டிய தீர்ப்பு 2013-இல் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னது. சேரும்போது நோய்க் குறிப்பு எதுவும் எழுதப்படாத வீரர் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பின்னால் வந்த நோய் பணியால் வரவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. சந்தேகத்தின் பலன் வீரருக்கே என்பது அதன் சாரம். பணிக்காலத்திலேயே நோயால் விலக்கப்பட்டவரின் வழக்கு அது. ஆனால் கல்நார் நோயில் விஞ்ஞானம் இன்னும் ஒரு படி மேலே போய்த் துணை நிற்கிறது: மீசோதீலியோமாவின் காரணம் உலகறிந்தது, அது எத்தனை வருடம் கழித்து வரும் என்பதும் உலகறிந்தது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். விண்ணப்பத்தை நோயாளி உயிரோடு இருக்கும்போதே அவர் கையெழுத்தோடு கொடுங்கள். திசுப் பரிசோதனை அறிக்கையின் மூலப்பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் கொடுங்கள். இறப்புச் சான்றிதழில் ‘மூச்சுத் திணறல்’ என்றோ ‘மாரடைப்பு’ என்றோ மட்டும் எழுத விடாமல், நோயின் பெயரை மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். அவர் மனைவியின் ஓய்வூதியம் அந்த ஒரு வரியைப் பொறுத்திருக்கிறது.